பறவை காண ஒரு பைனாகுலர்

நம் மலையோரச் சுற்றுலா ஊர்களில் நடைபாதைக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். தொப்பிக்கும் பொம்மைக்கும் ஏலக்காய்ப் பொட்டலத்துக்கும் நடுவே கறுப்பு நிறப் பைனாகுலர்கள் வாரில் தொங்கும். அவற்றின் நெற்றியில் 60×60 என்றோ 20×50 என்றோ வெள்ளெழுத்தில் பொறித்திருக்கும். வாங்குவோர் அந்த எண்ணைப் பார்த்தே வாங்குகிறார்கள். எண் பெரிதாயின் காட்சியும் பெரிதாகும், காட்சி பெரிதாயின் பறவையும் தெளிவாகும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கின் முதற் பாதி மட்டுமே சரி. சில கருவிகளில் அதுவும் சரியன்று. பொறித்த எண்ணுக்கும் உள்ளே இருக்கும் கண்ணாடிக்கும் தொடர்பே இராது.

மன்றத்து நண்பர்கள் சிலர் இப்போது பறவை காணத் தொடங்கியிருக்கிறார்கள். குறைந்த விலையில் எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் பௌதிகம் படிக்கிறேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து என் பாட்டனார் மலையேறி வந்த மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தேன். கேட்பதற்கு இவ்விரண்டும் போதும் என்று அவர்கள் கருதுகிறார்கள் போலும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட மன்ற மலரில் எழுதிவிடுவது நலம்.

இந்த ஆசை வீண் ஆசை அன்று. 1933-இல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளை ஆராய இம்மலைகளுக்கு வந்தார். பரம்பிக்குளத்துக் குரியார்குட்டியில் அவர் தங்கிய இடம் இன்றும் அவர் பெயரால் நினைக்கப்படுகிறது. அக்காலத்தில் பறவையைச் சுட்டு, தோலுரித்து, பதப்படுத்தி வைத்தே ஆராய்ந்தார்கள். பாலக்காட்டுக் காவச்சேரியில் பிறந்த கே. கே. நீலகண்டன், இந்துசூடன் என்னும் புனைபெயரில் 1958-இல் 'கேரளத்திலெ பக்ஷிகள்' என்ற நூலை வெளியிட்டார். அவருடைய வழி கண்ணால் கண்டு எழுதும் வழி. 2015 முதல் 2020 வரை கேரளம் முழுவதும் நடந்த பறவை வரைபடப் பணியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் ஈடுபட்டு 361 இனங்களைப் பதிவு செய்தார்கள். அவர்களிற் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்லர். கழுத்தில் ஒரு பைனாகுலரும் கையில் ஒரு தொலைபேசியும் உடையவர்கள், அவ்வளவே. தமிழ்நாட்டிலும் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. சிற்றூரிலிருந்தும் கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் மறையூரிலிருந்தும் தேவிகுளத்திலிருந்தும் வந்திருக்கும் நம்மவர், பிறர் விடுமுறை எடுத்துக் கொண்டு வந்து காணும் இடங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். விடுமுறைக்கு வீடு போனால் போதும். வாசலிலேயே பறவை இருக்கிறது. அதன் பெயர் தெரியாமல் 'ஏதோ குருவி' என்று சொல்லி வந்திருக்கிறோம்.

இனி எண்களுக்கு வருவோம். 8×42 என்று ஒரு பைனாகுலரில் எழுதியிருந்தால், முதல் எண் அது எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்பதைக் குறிக்கும். இரண்டாவது எண் முன்புற வில்லையின் விட்டம், மில்லிமீட்டர் அளவில். எண்பது மீட்டர் தொலைவில் உள்ள பறவை எட்டு மடங்குக் கருவியில் பத்து மீட்டர் தொலைவில் இருப்பது போலத் தோன்றும். பத்து மடங்குக் கருவியில் எட்டு மீட்டர் தொலைவில் இருப்பது போலத் தோன்றும். இரண்டு மீட்டர்தான் ஆதாயம்! அந்த இரண்டு மீட்டருக்காகக் கொடுக்கும் விலையையும் பார்க்க வேண்டும். கருவி பறவையைப் பெரிதாக்கும்போது கை நடுக்கத்தையும் அதே அளவு பெரிதாக்குகிறது. இருபது மடங்குக் கருவியை முக்காலி இல்லாமல் பிடித்துப் பாருங்கள். இறகின் நிறத்தைக் காண்பதற்குள் நாடித் துடிப்பைக் காண்பீர்கள். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குக் காற்று வயல்வெளியில் நிற்பவனை எப்படி அலைக்கழிக்கும் என்பது அவ்வூர் நண்பர்களுக்குத் தெரியும். அந்தக் காற்றில் எட்டு மடங்கே அதிகம் என்று தோன்றும்.

முதல் எண்ணை இரண்டாவது எண்ணோடு சேர்த்துப் பார்ப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 வரும். கண்ணருகே உள்ள வில்லையிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் 5.25 மில்லிமீட்டர் என்பது இதன் பொருள். பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்து வெளிச்சத்தை நோக்கினால், பின்புற வில்லையில் சிறு ஒளி வட்டம் ஒன்று மிதப்பதைக் காணலாம். அதுவே இது. நம் கண்ணின் பாவை நண்பகலில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவே திறந்திருக்கும். இருளில், இளம் வயதினருக்கு ஏறக்குறைய ஏழு வரை விரியும். சட்டைப் பையில் அடங்கும் 10×25 கருவியில் வெளிவரும் கற்றை 2.5 மில்லிமீட்டர். நண்பகல் வெயிலில் அது போதும். ஆனால் விடியற்காலையில், சோலைக் காட்டினுள், உங்கள் பாவை ஐந்து மில்லிமீட்டர் விரிந்து ஒளிக்கு ஏங்கிக் கொண்டிருக்கையில், அதன் பரப்பில் காற்பங்குக்கே ஒளி கிடைக்கும். 8×42 கருவியோ முழுப் பாவையையும் நிரப்பும். பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பது விடியலில். விலைமலிந்த சிறு கருவிகள் கண்ணை மூடிக் கொள்வதும் விடியலில்.

மற்றொன்று காட்சிப் பரப்பு. எட்டு பாகைக் கோணம் காட்டும் கருவி இருபது மீட்டர் தொலைவில் 2.8 மீட்டர் அகலத்தைக் காட்டும். மூன்று பாகையே காட்டும் இருபது மடங்குக் கருவி அதே தொலைவில் ஒரு மீட்டரை மட்டும் காட்டும். காட்டில் சிறு பறவைகள் கலப்புக் கூட்டமாகத் திரியும் என்பதை அறிவீர்கள். கதிர்க்குருவி, ஈப்பிடிப்பான், மரங்கொத்தி எல்லாம் ஒன்றாக வந்து, ஒரு மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, நிமிடத்தில் அடுத்த மரத்துக்குப் போய்விடும். ஒரு மீட்டர் சன்னல் வழியே அவற்றைத் தேடுவது சாவித் துவாரத்தின் வழியே திருவிழாப் பார்ப்பதுதான்.

ஆகவே எட்டு மடங்கும், நாற்பதை ஒட்டிய விட்டமும் நடுத்தரமான நல்ல தேர்வு. 7×35 என்பதையும் யாரும் ஏளனமாகப் பார்க்க வேண்டா. அதன் ஒளிக்கற்றை ஐந்து மில்லிமீட்டர்; காட்சி அகலம்; கைக்கு இலேசு; விலையும் சற்றுக் குறைவு. பருந்தும் கழுகும் பார்க்க ஆசைப்பட்டு, கை உறுதியும் உள்ளவர் 10×42 வாங்கலாம். அதற்கு மேற்பட்ட மடங்குகளையும், மடங்கை மாற்றிக் கொள்ளும் 'ஜூம்' வகைகளையும், குவியம் திருத்தவே வேண்டாம் என்று விளம்பரம் செய்யும் வகைகளையும் கடைக்காரரிடமே விட்டுவிடுவோம்.

அடுத்து உள்ளே இருக்கும் முப்பட்டகம். எளிய தொலைநோக்கி உருவைத் தலைகீழாகக் காட்டும். விண்மீனுக்குத் தலை எது, கால் எது? வானநூலார் கவலைப்படுவதில்லை. இருவாட்சி தலைகீழாகப் பறந்தால் நாம் ஒப்புவோமா? 1608-இல் ஹாலந்தில் ஹான்ஸ் லிப்பர்ஷே தொலைநோக்கிக்கு உரிமை கேட்டபோதே, இரு கண்ணாலும் பார்க்கும்படி செய்து காட்டுக என்று ஆட்சியாளர் கேட்டார்கள். ஆனால் நேரான, பெரிய உருவைக் குட்டையான குழலில் காட்டும் வழி வெகுகாலம் கைகூடவில்லை. 1854-இல் இத்தாலியர் இக்னாசியோ போரோ இரு முப்பட்டகங்களால் ஒளியை மடக்கி உருவை நிமிர்த்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அம்முறையில் தரமான பைனாகுலர்கள் 1894-இல் எர்ன்ஸ்ட் ஆபே பணியாற்றிய சைஸ் தொழிலகத்திலிருந்து வெளிவந்தன. முன் வில்லைகள் அகன்றும் கண் வில்லைகள் நெருங்கியும், தோள் புடைத்தாற்போல நிற்கும் பழைய வடிவம் இதுவே. இதைப் போரோ வகை என்கிறோம். குழல்கள் இரண்டும் நேராக, ஒல்லியாக இருப்பது கூரை முப்பட்டக வகை.

பார்வைக்கு அழகு கூரை வகை. ஆனால் அதில் ஒளி, கூரை போன்ற விளிம்பில் இரண்டாகப் பிரிந்து மீண்டும் சேர்கிறது. சேரும்போது அலைகளின் கட்டம் சற்றே பிசகி உருவின் கூர்மை மழுங்கும். அதைத் திருத்தத் தனிப் பூச்சு ஒன்று உண்டு. 1988-இல் சைஸ் கொண்டு வந்தது. அப்பூச்சுக்கும், முப்பட்டகத்தைத் துல்லியமாக அறுப்பதற்கும் காசு வேண்டும். போரோ வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. எனவே ஒரே விலையுள்ள இரு மலிவான கருவிகளில் போரோவே பெரும்பாலும் தெளிவாகக் காட்டும். மாணவன் பணத்துக்கு மதிப்பு வேண்டுமானால் போரோ என்று நூல்களெல்லாம் சொல்வது இதனால்தான்.

நூல்கள் சொல்வதை நம் ஊர்களில் அப்படியே ஏற்கலாகாது. போரோ வகைகள் பலவற்றில் குவியம் திருத்தும்போது கண் வில்லைகள் குழலுக்குள் போய் வரும். ஒவ்வொரு முறையும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது; காற்றோடு ஈரமும் பூஞ்சை வித்துக்களும் போகின்றன. பாலக்காட்டுச் சமவெளியிலோ, மழை மறைவுப் பகுதியான சின்னாற்றிலோ இது பெரிய ஆபத்து அன்று. மூணாற்றிலும் பீர்மேட்டிலும் ஆனி, ஆடி மாதங்களில் சுவரில் தொங்கும் தோல் வாரே பச்சை பூக்கும்! வில்லையின் உட்புறத்தில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்தால், அது சுரக்கும் அமிலம் பூச்சையே அரித்துவிடும். துடைத்தாலும் வடு போகாது. எங்கள் தோட்டத்துப் பழைய எழுத்தர் ஒருவரிடம் சோவியத் நாட்டு 8×30 ஒன்று இருந்தது. எளிமையான, உறுதியான கருவி. இரண்டே மழைக்காலத்தில் அதன் வழியே எல்லாப் பறவையும் மூடுபனியில் நின்றன.

ஆதலின் நான் சொல்வது இது: நீங்கள் மலையின் எந்தப் பக்கத்தில் பறவை பார்க்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஆனைமலைத் தொடர் பாலக்காட்டையும் இடுக்கியையும் நம் தமிழ்நாட்டோடு பிணைத்து நிற்கிறது. பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தது என்றாலும் பொள்ளாச்சி, சேத்துமடை வழியாகவே சாலை போகிறது. சின்னாறு இடுக்கியைச் சேர்ந்தது என்றாலும் உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் சாலை அதை ஊடறுக்கிறது. இத்தனை அருகருகே இருந்தும் இவ்விடங்களின் ஒளியும் ஈரமும் வேறு வேறு.

சின்னாற்றுப் பாறைச் சரிவில் மஞ்சள் தொண்டைச் சின்னானைத் தேடுபவருக்கு வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. அங்கே வெண்புருவச் சின்னானும் உண்டு. இரண்டுக்கும் வாலடி மஞ்சள். தொண்டையின் நிறத்தைக் காட்டும் தெளிவு இருந்தால் போதும். அவருக்குப் போரோ 8×42 மிகப் பொருத்தம். இந்த வகையில் நிகான் அக்குலான் 8×42 நம் நாட்டில் எளிதாகக் கிடைக்கிறது. ஏறக்குறைய முக்கால் கிலோ எடை, எட்டு பாகைக் காட்சி, ஐந்து மீட்டருக்குக் கிட்டே உள்ளதைக் காட்டாது, மழை தாங்காது. மூக்குக்கண்ணாடி அணிந்தவர்கள் இதை வாங்குமுன் யோசிக்க வேண்டும். கண்ணை வில்லையிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்தும் முழுக் காட்சி கிடைக்கும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. கண்ணாடி அணிந்தவர்க்கு அது 15 மில்லிமீட்டராவது வேண்டும், இதில் 12-தான்.

மூணாற்றுச் சோலைக்குள், தரையோரப் புதரில், கருஞ்செம்மஞ்சள் ஈப்பிடிப்பானையோ வெண்வயிற்று நீலச் சோலைப் பறவையையோ தேடுபவர் நிலை வேறு. இந்த நீலப் பறவை பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே வாழ்வது. வடக்கே நீலகிரிப் பக்கம் அதன் உறவினம் ஒன்று, விலாவில் செம்பழுப்போடு வாழ்கிறது. முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலமுள்ள கணவாய் ஒன்று இரு இனங்களைப் பிரித்து வைத்திருக்கும் விந்தையைக் கண்ணாரக் காண, இருளிலும் நிறம் காட்டும் வில்லை வேண்டும். சாரல் புகாத உடலும் வேண்டும். இவர்களுக்கு நைட்ரஜன் நிரப்பி அடைத்த கூரை வகையே தகும். நிகான் புரோஸ்டாஃப் பி3 8×42 இவ்வகையில் விலை குறைந்தவற்றுள் ஒன்று; எடையும் அக்குலானைவிடக் குறைவு. நான் முன்பு சொன்ன கட்டத் திருத்தப் பூச்சு அதில் இல்லை. அடுத்த படியான பி7-இல் உண்டு. பி3-இல் கூர்மை சற்றுக் குறைந்தாலும், பூஞ்சை பிடித்த போரோவைவிட அது எவ்வளவோ மேல். விலைகள் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குவதால் இங்கே அச்சிடவில்லை. விடுதி மெஸ் கட்டணத்தில் இரண்டு மூன்று மாத அளவுக்கு மனத்தைத் தயார் செய்து கொள்ளுங்கள்.

பூச்சைப் பற்றி இன்னும் ஒரு சொல். பூச்சற்ற கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மீது விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பி எறிந்துவிடும். பைனாகுலருக்குள் அத்தகைய பரப்புகள் பன்னிரண்டு என்று வைத்துக் கொண்டால், உள்ளே நுழையும் ஒளியில் 61 பங்கே கண்ணை அடையும். 1935-இல் சைஸ் நிறுவனத்து அலெக்சாண்டர் ஸ்மாகுலா மெல்லிய படலப் பூச்சால் இந்த இழப்பைக் குறைக்கும் வழி கண்டார். இன்று பல படலப் பூச்சு வழக்கமாகிவிட்டது. கடையில் முன் வில்லையைச் சாய்த்து, மேலே எரியும் விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். பிம்பம் மங்கலான பச்சையாகவோ ஊதாவாகவோ இருந்தால் நல்ல பூச்சு. பளீரென்ற வெள்ளையாக இருந்தால் பூச்சே இல்லை. மாணிக்கச் சிவப்பாக மின்னினால் கீழே வைத்துவிடுங்கள். சிவப்பைத் திருப்பி அனுப்பும் வில்லை, கண்ணுக்குச் சிவப்பில்லாத உலகைக் காட்டும். ஈப்பிடிப்பானின் செம்மஞ்சளும் தீக்காக்கையின் செம்மார்பும் அதில் சோபை இழந்துவிடும்.

கடையிலேயே செய்யத்தக்க வேறு சோதனைகளும் உண்டு. முன்னே சொன்ன ஒளி வட்டத்தைப் பாருங்கள். முழு வட்டமாக இருந்தால் முப்பட்டகம் நல்ல கண்ணாடி. ஓரங்கள் சாம்பல் நிறத்தில் வெட்டுப்பட்டுச் சதுரம் போலத் தெரிந்தால் மட்டமான கண்ணாடி. பிறகு வெளியே வந்து தொலைவில் உள்ள மின்கம்பியை நோக்குங்கள். கருவியை மெல்லக் கண்ணிலிருந்து பின்னுக்கு நகர்த்துகையில், இரு குழலிலும் கம்பி ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். படிக்கட்டு போல ஏறி இறங்கினால் குழல்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. பத்து நிமிடத்தில் தலைவலி வரும். அது உங்கள் கண்ணின் குறை என்று கடைக்காரர் சொல்வார். கம்பியின் ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாக வானவில் அடர்ந்து தெரிந்தாலும் தவிர்க்கலாம். சூரியன் இருக்கும் திசையில் மட்டும் விளையாட்டுக்கும் திருப்ப வேண்டா. ஒரு நொடியில் பார்வை போய்விடும். பழைய கருவி வாங்குவோர், முன்பக்கமிருந்து தொலைபேசி விளக்கை உள்ளே அடித்துப் பின்பக்கமிருந்து பார்த்தால் பூஞ்சையின் நூலிழைகள் தெரியும்.

தனியே வாங்க இயலாதவர் இருவர் சேர்ந்து வாங்கலாம். நானும் அறைத்தோழனும் அப்படித்தான் வாங்கினோம். வலக்கண் வில்லையில் தனியே ஒரு திருகு இருக்கும். முதலில் இடக்கண்ணால் மட்டும் பார்த்து நடுச் சக்கரத்தால் குவியம் திருத்துங்கள். பின் வலக்கண்ணால் மட்டும் பார்த்து இந்தத் திருகைத் திருத்துங்கள். அந்த நிலை ஒவ்வொருவருக்கும் வேறு. எங்கள் கருவியில் அவன் நிலைக்கு வெள்ளைப் புள்ளியும் என் நிலைக்கு மஞ்சள் புள்ளியும் நகப்பூச்சால் வைத்திருக்கிறோம். இதை அறியாமல் பலர் நல்ல கருவியையே 'மங்கல்' என்று குறை கூறுவதைக் கேட்டிருக்கிறேன்.

மழைக்காலத்தில் அதை இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் மணிகளோடு வையுங்கள். வாங்கும்போது உடன் வரும் துணிப் பையும் தோலுறையும் ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொள்ளும். அவற்றை வேறு இடத்தில் வையுங்கள். நனைந்த கருவியை நன்கு உலர்த்திய பிறகே டப்பாவுக்குள் வைக்க வேண்டும். நிறம் காட்டும் மணிகளாக வாங்கினால் ஈரம் குடித்ததும் நிறம் மாறும். அப்போது சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் பழைய நிறத்துக்கு வரும்; ஆறிய பின் மறுபடி டப்பாவில் இடலாம்.